மோட்டாரை அளந்து பார்க்கும் டிரைவ்

அருப்புக்கோட்டை நூற்பாலைகளில் வேலை பார்த்தவர்களுக்குச் சிம்ப்ளெக்ஸ் மெஷினின் அருமை தெரியும். அதில் இறங்கும் ரோவிங்குக்கு, அதாவது நூலாகும் முன் இருக்கும் பஞ்சுத் திரிக்கு, முறுக்கு குறைவு. கொஞ்சம் இழுத்தாலே பிய்ந்துவிடும். பழைய மெஷினில் கோன் டிரம்மும் பல்சக்கரமும் வேகத்தைப் பார்த்துக்கொண்டன. இப்போது வருபவற்றில் திரியை முறுக்கும் பிளையருக்கு ஒரு மோட்டார், அதைச் சுற்றிக்கொள்ளும் பாபினுக்கு ஒரு மோட்டார். கிளம்பும்போது ஒன்று பிந்தினாலும் ரோவிங் மெலியும், இல்லையென்றால் அறுந்துபோகும். இவற்றை ஒன்றுக்கொன்று ஒத்து ஓடவைப்பது, மோட்டாருக்குப் போகும் வோல்ட்டேஜையும் ஹெர்ட்ஸையும் மாற்றும் டிரைவின் பொறுப்பு.

அதற்கு டிரைவுக்கு மோட்டாரின் உள்விவரம் தெரிந்திருக்க வேண்டும். நேம் பிளேட்டில் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 1440 சுற்று என்றுதான் இருக்கும். காயிலின் மின்தடையும் தூண்டலும் அதில் இருக்காது. ஆகவே டிரைவே அளந்துகொள்கிறது. இதுதான் 'ஆட்டோ டியூன்'.

முதலில் மோட்டாரை நிற்கவைத்தபடியே இரண்டு முனைகளுக்கு நடுவே நேர்மின்சாரம் செலுத்தும். 10 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர் ஓடினால் மொத்தம் 1 ஓம். ஸ்டார் இணைப்பில் ஒரு காயிலுக்கு அரை ஓம். அடுத்துச் சிறுசிறு மின்துடிப்புகள். மோட்டார் சுற்றாமல் உறுமும். மின்னோட்டம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதிலிருந்து கசிவுத் தூண்டல் கிடைக்கும். பிறகு பளு இல்லாமல் ஓடவிட்டால் காந்தமாக்கும் மின்னோட்டமும், வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் சுழலும் பாகத்தின் நிலைமமும் தெரிந்துவிடும்.

இந்த எண்களை வைத்துத்தான் பிழையைத் திருத்தும் வேகத்தை டிரைவ் முடிவு செய்கிறது. மிகையானால் மோட்டார் நடுங்கும், குறைந்தால் மந்தமாகும். 1970களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் பிளாஷ்கே வளர்த்தெடுத்த வெக்டர் கட்டுப்பாட்டில் ஏசி மோட்டாரை டிசி மோட்டார் போலவே ஆளலாம். ஆனால் எண் தப்பானால் டார்க்கும் தப்பிவிடும்.

திருச்சுழிப் பக்கத்துத் தோட்டத்து போர் பம்புக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. தண்ணீர் இறைக்கும் பம்புக்கும் காற்றாடிக்கும் வோல்ட்டேஜையும் ஹெர்ட்ஸையும் ஒரே விகிதத்தில் ஏற்றினாலே போதும்.

காயில் எரிந்து ரீவைண்டிங் பட்டறைக்குப் போய்வந்த மோட்டாரின் சங்கதி வேறு. கம்பியின் கேஜும் சுற்றும் மாறியிருக்கலாம். பிளேட் மட்டும் பழையதாகவே இருக்கும். அதை மாட்டியதும் மறுபடி டியூன் செய்துவிடுங்கள், மோட்டார் ஆறியிருக்கும்போதே. செம்பின் தடை டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 30 டிகிரியிலிருந்து 100க்குப் போனால் கால்பங்குக்கு மேல் கூடிவிடும். இன்னொன்று: டியூன் ஓடும்போது மோட்டார் சுற்றாமல் நின்றாலும் முனைகளில் மின்சாரம் இருக்கும். கை வைக்காதீர்கள்.