கடம்பத்தூர்க் குறிப்புகள் – 17: கூடாரங்களின் படமும் கிபிரின் சத்தமும்

கடம்பத்தூர் நிலையத்தில் காலை மின்ரயில் நிற்பது அரை நிமிஷத்துக்கு மேல் இராது. அந்த அரை நிமிஷத்துக்குள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடிக்கும் சென்னைக்கும் பிழைப்பைத் தேடிப் போகிறவர்கள் அத்தனை பேரும் ஏறி, கதவோரத்தில் தத்தமக்கு வாய்த்த இடத்தைப் பிடித்துக்கொண்டாக வேண்டும். அப்படி ஒரே கதவோரத்தில் இரண்டு வருஷங்களாகத் தோளோடு தோள் உரசிப் பிரயாணம் செய்துவந்த இரு பிள்ளைகள், ஒரே தெருவில் பிறந்து ஒரே பள்ளியில் படித்தவர்கள், 2024 மே மாதக் கடைசியிலிருந்து வெவ்வேறு பெட்டிகளில் ஏறத் தொடங்கினார்கள். பங்காளித் தகராறோ, கொடுக்கல் வாங்கலோ, காதல் விவகாரமோ என்றெல்லாம் யூகித்துப் பார்த்துவிட்டு, பொறுக்கமாட்டாமல் ஒருநாள் ஒருவனிடம் கேட்டேவிட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். ராஃபா மேட்டர். அவன் போட்ட ஸ்டோரியப் பார்த்தீங்கன்னா உங்களுக்கே பத்திக்கிட்டு வரும்" என்றான்.

ராஃபா எங்கே இருக்கிறது என்றேன். "இஸ்ரேல்ல" என்றான் சிறிது தயங்கி. மற்றவனை வேறொரு நாள் பிடித்து அதே கேள்வியைக் கேட்டபோது, "எகிப்துல" என்று தயக்கமே இல்லாமல் பதில் வந்தது. ராஃபா காஸாவின் தென்கோடி நகரம். ஆனாலும் இரண்டாமவன் சொன்னதைப் பிழை என்று முழுக்கத் தள்ளிவிட முடியாது. 1982-ல் சினாய் எகிப்துக்குத் திரும்பக் கிடைத்தபோது எல்லைக்கோடு அந்த ஊரை இரண்டாக அறுத்துக்கொண்டு போய், ஒரு பாதியை எகிப்தில் விட்டுவிட்டது. அறியாமையும் சில சமயம் சரித்திரத்தைத் தொட்டுவிடுகிறது.

அந்த இருவரையும் பிரித்த படத்தை வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2024 மே 26 இரவு, ராஃபாவின் தல் அஸ் சுல்தான் பகுதியில் அகதிகள் தங்கியிருந்த கூடாரங்களின்மீது இஸ்ரேலிய விமானத் தாக்குதல் நடந்து, தீப்பற்றி, ஏறத்தாழ 45 பேர் மாண்டார்கள். அடுத்த ஓரிரு நாள்களில் 'எல்லாக் கண்களும் ராஃபாவின்மேல்' என்ற ஆங்கில வாசகத்தைக் கூடார வரிசைகளாலேயே எழுதிக்காட்டிய சித்திரம் ஒன்று, மலேசியக் கணக்கு ஒன்றிலிருந்து கிளம்பி, இன்ஸ்டாகிராமில் 4 கோடியே 70 லட்சம் தடவைக்குமேல் பகிரப்பட்டது. வாசகம், உலக சுகாதார நிறுவனத்தின் பிரதிநிதி ரிக் பீப்பர்கார்ன் அந்த வருஷம் பிப்ரவரியில் சொன்னது. சித்திரமோ செயற்கை நுண்ணறிவு வரைந்தது. அதில் ராஃபாவில் எங்கும் இல்லாத பனிமலைகள் பின்னணியில் நின்றன. எரிந்த கூடாரம் இல்லை, கருகிய உடல் இல்லை, குழந்தையைத் தேடும் தாய் இல்லை, ஒரு மனித முகம்கூட இல்லை. காஸாவிலிருந்து உண்மையாக வந்த படங்களைக் கோரம் என்று மறைத்துவைக்கும் கம்பெனிகளின் சல்லடையில் இது மாத்திரம் தங்குதடையின்றி இறங்கியதற்கும், இரண்டே தட்டில் யாரும் தம் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள முடிந்ததற்கும் காரணம் அந்தச் சுத்தந்தான் என்று நினைக்கிறேன். துக்கத்திலிருந்து இரத்தத்தை வடிகட்டி எடுத்துவிட்டால் அது நன்றாகப் பிரயாணம் செய்கிறது.

சமந்தா பகிர்ந்தார், துல்கர் சல்மான் பகிர்ந்தார், இந்திப் படவுலகில் பலர் பகிர்ந்தார்கள். மாதுரி தீட்சித் பகிர்ந்துவிட்டு, வந்து குவிந்த வசைகளைக் கண்டு நீக்கிவிட்டார். கிரிக்கெட் வீரர் ரோஹித் சர்மாவின் மனைவிக்கும் அதே கதி. பதிலடியாக, 'அக்டோபர் 7 அன்று உங்கள் கண்கள் எங்கே இருந்தன' என்று மறுதரப்பினர் ஒரு சித்திரம் செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து, ஜூன் 9-ல், ஜம்மு பகுதியின் ரியாசியில் யாத்திரிகர் பேருந்தைப் பயங்கரவாதிகள் சுட்டு ஒன்பது பேர் இறந்தபோது, 'எல்லாக் கண்களும் ரியாசியின்மேல்' என்ற புதுச் சித்திரம் வந்தது. ரியாசியில் இறந்தவர்களுக்காக அழுதவர்கள் இருந்தார்கள், அவர்களைப்பற்றிப் பேச்சில்லை. ராஃபாவுக்கு அழுதவனை மடக்குவதற்கென்றே ரியாசியைக் கையில் எடுத்தவர்களைப்பற்றிச் சொல்கிறேன். எழவு வீட்டில் வந்து நின்று, "என் வீட்டில் செத்தபோது நீ வந்தாயா?" என்று கணக்குக் கேட்கிற சம்பிரதாயம் நம் கிராமங்களிலும் உண்டு, அப்படிக் கேட்பவரைப் பெரியவர்கள் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போவார்கள்.

அந்த அக்டோபர் 7 சாமானியமானதன்று. 2023-ல் அன்றைய தினம் ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றது. 251 பேரைப் பிணையாகப் பிடித்துச் சென்றது. கொன்றவர்களே காமிராவை மாட்டிக்கொண்டு வந்தார்கள். கொல்லப்பட்ட மூதாட்டி ஒருவரின் ஃபேஸ்புக் கணக்கிலேயே அவருடைய மரணத்தை ஏற்றினார்கள். பேத்தி அதை அங்கேதான் பார்த்தாள். அதற்குப் பின் காஸாவில் மாண்டவர்கள், 2025 அக்டோபர் வரை, அங்குள்ள சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி 67,000-க்கு மேல். இவ்வளவு கோரம் பிரத்தியட்சமாக இருக்கும்போது பொய்க்கு என்ன அவசியம் என்று கேட்கத் தோன்றும். அவசியம் இருந்தது. 'ஆர்மா 3' என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் காஸா யுத்தமாக உலவின. விளையாட்டைச் செய்த செக் நாட்டு நிறுவனமே முன்வந்து மறுக்க வேண்டியதாயிற்று. பள்ளிச் சுற்றுலா போன சிறுமிகளின் காட்சி, ஹமாஸ் அடிமைகளாக்கிக் கொண்டுபோகிற பெண்களாக நம் நாட்டுக் கணக்குகளில் சுற்றியது. பூம், ஆல்ட் நியூஸ் போன்ற நம்மவர் செய்திச் சரிபார்ப்பு நிறுவனங்கள் இத்தகையவற்றை ஒவ்வொன்றாக உரித்துக் காட்டின. உரித்ததைப் படித்தவர்கள் சிலர், உரிக்காததைப் பார்த்தவர்கள் கோடி.

இதில் காசு இருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். எக்ஸ் தளம் 2023 ஜூலையிலிருந்து விளம்பர வருவாயில் பதிவருக்கும் பங்கு கொடுக்கத் தொடங்கிற்று; யுத்தம் மூண்ட நான்காவது வாரமே, திருத்தக்குறிப்புப் பெற்ற பதிவுகளுக்குப் பங்கு கிடையாது என்று ஈலோன் மஸ்க் அறிவிக்க நேர்ந்ததிலிருந்து பொய்க்கு அதுவரை கூலி கிடைத்துவந்தது விளங்கும். அரசாங்கங்களும் சும்மா இல்லை. இஸ்ரேலுக்காக இன்ஃப்ளூயன்சர்களைத் திரட்டும் 'எஸ்தர் திட்டம்' ஒன்றுக்கு ஏறத்தாழ 9 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்ட விவரம், அமெரிக்க நீதித்துறையில் பதிவான ஆவணங்களிலிருந்து 2025-ல் வெளிவந்தது. அந்த செப்டம்பரில் நியூயார்க்கில் இத்தகையோரை அழைத்துப் பேசிய பிரதமர் நெத்தன்யாகு, இன்றைய ஆயுதங்களில் சமூக ஊடகமே முக்கியமானது என்று ஒளிக்காமல் சொன்னார்.

காஸாவுக்குள்ளிருந்து சமூக ஊடகத்தில் செய்தி சொன்ன பிசான் ஔதாவையும் மொத்தஸ் அஸாய்சாவையும் இந்தப் பட்டியலில் சேர்க்க நான் ஒப்பமாட்டேன். 'இன்னும் உயிரோடு இருக்கிறேன்' என்று அன்றாடம் சொல்லித் தொடங்கிய அந்தப் பெண்ணுக்கு எம்மி விருது கிடைத்தது. அதே மண்ணில் செய்தியாளர் அனஸ் அல் ஷரீஃப் 2025 ஆகஸ்ட் 10-ல், மருத்துவமனை வாயிலருகே இருந்த செய்தியாளர் கூடாரத்தில் கொல்லப்பட்டார். அவரை ஹமாஸ் ஆள் என்றது இஸ்ரேல். அவர் பணிபுரிந்த அல் ஜஸீரா அதை மறுத்தது. குண்டு விழும் இடத்தில் நின்று பேசுகிறவரும், குளிரூட்டிய அறையில் வளைய விளக்கின்முன் அமர்ந்து அவர் பேசியதற்கு முகபாவம் காட்டுகிறவரும் ஒரே பெயரால் அழைக்கப்படுவது இக்காலத்து விபரீதங்களில் ஒன்று.

முன்னாளிலும் இதே பிரச்சினையில் பெரியவர்கள் மோதிக்கொண்டதுண்டு. காந்தியடிகள் 1938 நவம்பர் 26-ல் 'ஹரிஜன்' பத்திரிகையில் யூதர்களைப்பற்றி எழுதினார்: பாலஸ்தீனம் அரபுகளுடையது என்றார்; ஜெர்மானிய யூதர்களைச் சத்தியாக்கிரகம் செய்யச் சொன்னார். ஜெருசலேத்திலிருந்து யூதத் தத்துவஞானி மார்ட்டின் பூபர் மறுப்புக் கடிதம் எழுதி முடித்தது 1939 பிப்ரவரியில். கோபித்துக்கொள்ள மூன்று மாதம் எடுத்துக்கொண்டார் மனிதர். ஹிட்லரை எடைபோட்டதில் காந்தி தவறினார் என்றே இன்று தோன்றுகிறது. ஆனால் பூபரின் மறுப்பில் மரியாதை ஓரிடத்திலும் குறையவில்லை.

நம்மவருக்கோ இந்த விஷயத்தில் மூன்று மாதம் யோசித்தாலும் போதாத அளவுக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டியில், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உண்டு. அங்கே, 2006-க்குப் பின் வன்னியிலிருந்து வந்து சேர்ந்த ஓர் அம்மையாரைச் சில மாதங்களுக்குமுன் சந்தித்தேன். பேரன் கைப்பேசியில் காஸாக் காட்சிகளைத் தள்ளிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தவர், "இதுகளுக்குப் பங்கர்கூட இல்லையோ?" என்று கேட்டார். யார் நியாயம், யார் அநியாயம் என்று அவர் கேட்கவில்லை. பதுங்கு குழி வெட்டிப் பிள்ளைகளை அதற்குள் தள்ளிக் காப்பாற்றியவருடைய கேள்வி அது. பிறகு, "கிபிர் வந்தா முதல்ல குண்டு, பிறகுதான் ஐயா சத்தம்" என்றார்.

கிபிர் என்பது இலங்கை விமானப்படை 1996 முதல் பயன்படுத்திய போர் விமானம், இஸ்ரேல் விற்றது. கொழும்பில் இஸ்ரேலின் நலன் பிரிவு ஜனாதிபதி ஜெயவர்த்தனா காலத்தில், 1984-லேயே, அமெரிக்கத் தூதரகத்துக்குள் திறக்கப்பட்டுவிட்டது. அதற்கும் முன்பு, எழுபதுகளில், ஈரோஸ் என்ற ஈழத் தமிழ் இயக்கத்து இளைஞர்கள் லெபனானுக்குப் போய்ப் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தாரிடம் பயிற்சி பெற்றார்கள். இதுவரை கேட்டால், ஈழத் தமிழன் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பது வெள்ளிடைமலை என்று ரீல்ஸ்காரர் முடித்துவிடுவார். முடிக்க விடாமல் தடுக்கிற மனிதர் மகிந்த ராஜபக்ச. இலங்கையின் பாலஸ்தீன ஒருமைப்பாட்டுக் குழுவுக்கு நிறுவுநர்-தலைவராக இருந்தவர் அவர். 2009-ல் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்தபோது ஜனாதிபதியாக இருந்தவரும் அவரே. அந்த இறுதி மாதங்களில் 40,000 குடிமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது ஐ.நா. நிபுணர் குழு. 2014 ஜனவரியில் அவர் பாலஸ்தீனத்துக்குச் சென்று அந்த அரசின் உயர்ந்த விருதைப் பெற்றுக்கொண்டார். அதே பிரயாணத்தில் இஸ்ரேலுக்கும் போய்வந்தார். இதைத் தொண்ணூறு விநாடியில் எந்தக் கொடியின் நிறத்தில் காட்டுவது?

சிக்கல் இன்னும் நீள்கிறது. 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிராக ஒட்டுவில்லை ஒட்டிய 22 வயது முஸ்லிம் இளைஞர் ஒருவரைக் கொழும்பில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்ச் சிறைவைத்தார்கள். 1979-ல் இயற்றப்பட்டு, அதன்பின் ஒரு தலைமுறைத் தமிழ் இளைஞரைத் தின்ற அதே சட்டம்.

சென்னையில் 2025 செப்டம்பர் 19-ல் நடந்த பாலஸ்தீன ஆதரவுப் பேரணியில் சத்யராஜ், பிரகாஷ்ராஜ், வெற்றிமாறன் முதலியோர் கலந்துகொண்டதும், அக்டோபர் 8-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் ஆர்ப்பாட்டத்தில் முதலமைச்சர் ஸ்டாலினே வந்து பேசியதும் எல்லாருக்கும் தெரியும். துணுக்குகளாக நம் ரயிலிலும் ஓடின. 2024 பிப்ரவரியில், இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதச் சரக்கைத் தொடமாட்டோம் என்று இந்தியத் துறைமுகத் தொழிலாளர் சம்மேளனம் ஒன்று அறிவித்தது எத்தனை பேருக்குத் தெரியும்? என் அபிப்பிராயத்தில் இந்த விவகாரத்தில் நம் நாட்டில் ஒலித்த குரல்களில் அதற்கே எடை அதிகம்; கூலியையும் வேலையையும் பணயம் வைத்துச் சொன்ன சொல் அது. ஆனால் அந்த மே மாதமே, சென்னையிலிருந்து 27 டன் வெடிமருந்தோடு இஸ்ரேலின் ஹைஃபாவுக்குப் போன 'மரியான் டானிகா' என்ற கப்பலை ஸ்பெயின் தன் துறைமுகத்துக்குள் நுழையவிடவில்லை என்ற செய்தியும் வந்தது. ஹைஃபா துறைமுகம் 2023 ஜனவரியிலிருந்து அதானி குழுமத்தின் வசம். பொன்னேரிப் பக்கத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018 முதல் அவர்களிடமே. பெட்டி மாறி ஏறுகிற நம் இரு பிள்ளைகளுக்கும் ராஃபாவைக் காட்டிலும் இது அருகில் இருக்கிறது. காட்டுப்பள்ளியைப்பற்றி அவர்களில் எவனும் ஸ்டோரி போட்டதில்லை.

சென்ற வாரம், முகாமில் கேட்டதை அந்த இருவரில் இளையவனிடம் சொன்னேன். காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்டான். திருநின்றவூர் வரும்போது, "கிபிர்னா என்னா அர்த்தம் சார்?" என்றான். வீட்டுக்குத் திரும்பித் தேடிப் பார்த்தேன். நாளை அவனிடம் சொல்லவேண்டும். எபிரேய மொழியில் அதற்குச் சிங்கக்குட்டி என்று அர்த்தம். 2023 அக்டோபர் 7-ல் கடத்திச் செல்லப்பட்ட பிணையாளிகள் அனைவரிலும் சிறியவன் ஒன்பது மாதக் குழந்தை. 2025 பிப்ரவரியில் அவன் உடல்தான் சவப்பெட்டியில் திரும்பி வந்தது. அவன் பெயரும் கிபிர்.

(தொடரும்)