மனப்பதிவு: சூரிய உதயம் (ஓவியம்)

மனப்பதிவு: சூரிய உதயம் என்பது பிரான்சு நாட்டு ஓவியர் குளோட் மோனே வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் ஆகும். ஓவியர் தம் கையொப்பத்துடன் இட்டுள்ள ஆண்டு 1872. ஏறத்தாழ 48 செ.மீ. உயரமும் 63 செ.மீ. அகலமும் கொண்ட இவ்வோவியம், பாரிசிலுள்ள மார்மொத்தான் மோனே அருங்காட்சியகத்தில் உள்ளது.

காட்சி

மோனே வளர்ந்த ஊரான லெ ஆவ்ர் துறைமுகத்தின் விடியற்காலைக் காட்சி இது. முன்னால் சிறு படகுகள். பின்னால் பாய்மரங்கள், பாரந்தூக்கிகள், புகைபோக்கிகள். அருகிலுள்ள படகு கருமையாகவும், அடுத்தடுத்த படகுகள் மங்கலாகவும் உள்ளன. கோடுகளால் அன்றி, இவ்வாறு நிறத்தை மங்கச் செய்தே ஓவியர் தொலைவைக் காட்டுகிறார்.

நிறமும் ஒளியும்

நீலமும் சாம்பலும் கலந்த மூடுபனியில் செம்மஞ்சள் சூரியன் சுடர்விடுவதுபோல் தோன்றும். உண்மையில், அதன் வெளிச்ச அளவு சுற்றியுள்ள வானத்தின் வெளிச்ச அளவை ஏறத்தாழ ஒத்ததே. படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் சூரியன் பெரும்பாலும் மறைந்துவிடும். இதனை வாசகர்கள் தாமே சோதித்துப் பார்க்கலாம்.

நீலமும் செம்மஞ்சளும் நிறவட்டத்தில் எதிரெதிரானவை. அருகருகே வைத்தால் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும். மேலும், நமது பார்வை அமைப்பின் ஒரு பகுதி வெளிச்ச வேறுபாட்டைக் கொண்டு பொருளின் இடத்தையும் அசைவையும் அறிகிறது. மற்றொரு பகுதி நிறத்தை அறிகிறது. முதற்பகுதிக்குச் சூரியன் தெளிவாகப் புலப்படுவதில்லை. இரண்டாம் பகுதிக்கு நன்கு தெரிகிறது. எனவே அது நிலையாக நில்லாமல் துடிப்பதுபோல் தோன்றுகிறது என்று நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் விளக்கியுள்ளார்.

உணர்வு

படகிலிருப்பவர்களின் முகங்கள் தெரிவதில்லை. கதை எதுவும் சொல்லப்படவில்லை. பனியும் புகையும் நீரும் ஒரே சாயலில் கலப்பதால் அமைதி தோன்றுகிறது. நீரில் சில செம்மஞ்சள் தீற்றல்கள் மட்டுமே விடியலின் இளஞ்சூட்டை உணர்த்துகின்றன.

பெயரும் விமர்சனமும்

1874 ஏப்ரல் 15 அன்று பாரிசில் தொடங்கிய கண்காட்சியில் இவ்வோவியம் இடம்பெற்றது. இது முடிக்கப்படாத படம் என்ற பொருளில் லூயி லெருவா என்னும் விமர்சகர் எள்ளி நகையாடினார். அவர் கேலிக்குப் பயன்படுத்திய 'மனப்பதிவு' என்ற சொல்லே பின்னர் உணர்வுப்பதிவுவாதம் என்னும் இயக்கத்தின் பெயராயிற்று. துறைமுகத்தின் விவரங்களைத் தேடியவருக்குப் படம் குறையாகத் தெரிந்தது. விடியலின் ஒளியைத் தேடுபவருக்கு அது முழுமையானதே.