லேத்துக்கு கம்ப்யூட்டர் வரலாம்... கைப்பிடியைக் கழற்றணுமா?

தென்காசி மாதிரி ஊர்களில் லேத் பட்டறைக்கு வரும் வேலை பெரும்பாலும் ஒற்றை வேலைதான். டிராக்டர் பின் உடைஞ்சுபோச்சு, ஒண்ணு போதும். மர அறுவை மில்லின் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது, சாயங்காலத்துக்குள் வேண்டும். இதற்கெல்லாம் புரோகிராம் எழுத உட்கார்ந்தால் பொழுது போய்விடும். டர்னர் கைப்பிடியைச் சுற்றி, வெர்னியரில் அளந்து, வேலையை முடித்துவிடுவார்.

அதே பட்டறைக்கு ஒரே அளவில் 200 புஷ் ஆர்டர் வந்தால் கதை வேறு. அங்கே சி.என்.சி. வேண்டும். புது மெஷின் வாங்காமல், பழைய லேத்திலேயே மோட்டாரும் கன்ட்ரோலரும் பொருத்துவதற்குப் பெயர்தான் ‘ரெட்ரோஃபிட்’. கைவேலையும் போகக்கூடாது, கம்ப்யூட்டரும் ஓடணும். முடியுமா? முடியும். ஆனால், சிக்கல் ஸ்க்ரூவில் இருக்கிறது.

கையை விட்டால் என்ன ஆகும்?

பழைய லேத்தின் ஸ்க்ரூவில் உராய்வு அதிகம். அதனால்தான் டர்னர் கைப்பிடியை விட்டாலும் ஸ்லைடு அங்கேயே நிற்கிறது. ஆனால் அதில் ‘ப்ளே’ உண்டு. திசை மாற்றும்போது கொஞ்சம் சும்மா சுற்றும். டர்னர் அதைப் பழக்கத்தில் சமாளிப்பார். கம்ப்யூட்டர் ஓரளவுதான் சமாளிக்கும். எனவே பால் ஸ்க்ரூ போடுகிறார்கள். அதில் ப்ளே மிகக் குறைவு, உராய்வும் குறைவு. விளைவு? மோட்டாரை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டினால், வெட்டும் விசையே ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளிவிடலாம். கைவேலைக்கு வசதியாக இருந்ததே அந்த ‘குறை’தான்!

இன்னொரு ஆபத்து, பழைய கைப்பிடியை ஸ்க்ரூவிலேயே விட்டுவைப்பது. 5 மி.மீ. பிட்ச் ஸ்க்ரூவில் ஸ்லைடு நிமிடத்துக்கு 1 மீட்டர் நகர்ந்தால், கைப்பிடி 200 சுற்று சுற்றும். மணிக்கட்டு மாட்டினால் அவ்வளவுதான். மடக்கும் கைப்பிடியோ, கிளட்சோ கட்டாயம். மரை போட உதவும் ஹாஃப் நட்டை வைத்துக்கொண்டால், அது பிடித்திருக்கும்போது மோட்டார் ஓடாதபடி சுவிட்சும் வேண்டும்.

எலெக்ட்ரானிக் கைப்பிடி

பலர் தேர்ந்தெடுக்கும் வழி வேறு. மோட்டார் எப்போதும் ஆனில் இருக்கும். டர்னர் சுற்றுவது ஓர் எலெக்ட்ரானிக் சக்கரத்தை. ஒரு சுற்றுக்கு 100 ‘க்ளிக்’. ஒரு க்ளிக்குக்கு 0.01 மி.மீ. என்று வைத்தால், ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஸ்லைடும் நழுவாது, கன்ட்ரோலரும் இடத்தை மறக்காது. ஆனால் உளி இரும்பைக் கடிக்கும்போது கையில் தெரியுமே ஓர் அதிர்வு, அது இதில் தெரியாது. அனுபவசாலிகள் முகம் சுளிப்பது இதற்காகத்தான்; அதில் நியாயமும் இருக்கு.

இந்த இழுபறி புதிதல்ல. எண்களால் ஓடும் மில்லிங் மெஷினை அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1952-ல் காட்டியது. அதற்கும் முன்பே, தொழிலாளியின் அசைவை டேப்பில் பதிந்து மெஷினைத் திரும்பச் செய்யவைக்கும் முறையை ஜெனரல் எலெக்ட்ரிக் முயன்றது. இன்றைய ‘டீச்’ வகை லேத்துகள் அந்த எண்ணத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன: முதல் புஷ்ஷைக் கையால் கடைந்தால், மீதியை மெஷின் செய்யும்.

குற்றாலச் சாரல் அடிக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கன்ட்ரோல் பேனலுக்குள் ஈரம் புகாமல் பார்க்கவேண்டும். அதைவிட முக்கியம், செலவு செய்யும் முன் லேத் ‘பெட்’டைச் சோதிப்பது. சக் பக்கம் தேய்ந்திருந்தால் டர்னர் கையால் ஈடுகட்டிவிடுவார். கம்ப்யூட்டருக்கு அந்தத் தேய்மானம் தெரியாது. 200 புஷ்ஷும் ஒரே தப்போடு வரும்.