நிழலும் சாலைப் பாதுகாப்பே
நடப்பவர் உரிமை – 7

நடைபாதையில் 1.8 மீட்டர் அகலமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறை. சென்ற வாரம் அதைப் பார்த்தோம். அந்த அகலம் இருந்தும் சித்திரை, வைகாசியில் ஆள் நடமாட்டமே இல்லாத நடைபாதைகள் நம் நகரங்களில் உண்டு. அங்கே ஒதுங்க நிழல் கிடையாது. வெப்ப அலையை 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்தது தமிழ்நாடு அரசு. ஆனாலும் வெயில் என்றதும் நம் பேச்சு மயக்கம், நீரிழப்பு, நீர்மோர்ப் பந்தல் என்ற அளவில் நின்றுவிடுகிறது. நடப்பவர் எந்த நேரத்தில் வெளியே வருகிறார், சாலையின் எந்த ஓரத்தில் நடக்கிறார், எந்த இடத்தில் குறுக்கே கடக்கிறார் என்பதையெல்லாம் கோடையில் வெயில்தான் முடிவு செய்கிறது. அதனால் நிழல் அமைப்பதைச் சாலைப் பாதுகாப்புப் பணியாகவே நாம் கருத வேண்டும்.

முதலில் நேரம். அக்னி நட்சத்திர நாட்களில் கடைக்கும் கோயிலுக்கும் போகிறவர்கள் வெயில் தாழட்டும் என்று காத்திருந்து, மாலை ஆறு மணிக்கு மேல்தான் கிளம்புகிறார்கள். பள்ளி விடுமுறை என்பதால் பிள்ளைகளும் அப்போதுதான் தெருவுக்கு வருகிறார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், நாளின் மற்ற நேரங்களைவிட மாலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையில்தான் விபத்துகள் அதிகம். மொத்த விபத்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இந்த மூன்று மணி நேரத்தில் நடக்கிறது. பாதயாத்திரை போகிறவர்களும் தார்ச்சாலையின் சூட்டுக்கு அஞ்சி இரவில் நடக்கிறார்கள். பகலின் வெப்பத்துக்குத் தப்புகிறவர், ஓட்டுநரின் கண்ணுக்கு எளிதில் புலப்படாத இருட்டுக்குள் நடக்க நேர்கிறது.

அடுத்தது இடம். கூரையில்லாத பேருந்து நிறுத்தத்தில் யாராலும் நண்பகலில் நிற்க முடியாது. எதிர்ப்பக்கக் கடையின் நிழலில் நின்றுவிட்டு, பேருந்தைக் கண்டதும் சாலையைக் குறுக்கே கடந்து ஓடுகிறார்கள். நடைபாதையில் மரம் இருந்தால் அதன் நிழலை நிறுத்திவைத்த வண்டிகளும் மின்வாரியப் பெட்டியும் பிடித்துக்கொள்கின்றன. நடப்பவர் வண்டிகளோடு வண்டியாகச் சாலையில் இறங்குகிறார். செருப்பில்லாமல் நடக்கும் பக்தர்கள் கால் சுடாமல் இருக்க, சாலையோர வெள்ளைக் கோட்டின் மேலேயே நடக்கிறார்கள். வாகனங்கள் உரசிச் செல்லும் விளிம்பு அது. கோயில் பிராகாரத்தில் வெள்ளைப் பூச்சு பூசி, தேங்காய் நார் விரிப்பு போடத் தெரிந்த நமக்கு, யாத்திரைப் பாதையின் ஓரத்தில் தனியாக ஒரு நடைத்தடம் அமைக்கத் தோன்றவில்லை.

“பார்த்துக் கடக்காதது நடப்பவரின் கவனக்குறைவுதானே?” என்று கேட்பார்கள். கவனம் தேவைதான். ஆனால் ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஆயிரம் பேர் ஒரே விதமாகக் குறுக்கே கடக்கிறார்கள் என்றால் அதைத் தனிமனிதரின் குணக்கேடு என்று தள்ளிவிட முடியாது. அந்த இடத்தின் அமைப்பில்தான் குறை இருக்கிறது. வெயில் ஓட்டுநரையும் விடுவதில்லை. ஸ்பெயினின் கத்தலோனியாவில் 2000 முதல் 2011 வரையிலான விபத்துகளை ஆராய்ந்தபோது, வெப்ப அலை நாட்களில் விபத்து வாய்ப்பு 2.9 சதவீதம் கூடியிருந்தது. சோர்வு, கவனச் சிதறல் போன்று ஓட்டுநரைச் சார்ந்த காரணங்களால் நேர்ந்த விபத்துகளில் அது 7.7 சதவீதம். களைத்த ஓட்டுநர் தவறு செய்தால் அவரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. நடப்பவருக்கு அப்படி எதுவும் இல்லை. மோதும் காரின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65 ஆகும்போது நடப்பவர் இறக்கும் அபாயம் நான்கரை மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பொறியாளர்களிடமிருந்து வரும் மறுப்பு இன்னும் வலுவானது: சாலையோர மரங்களில் வண்டிகள் மோதி உயிர்கள் போகின்றனவே? நெடுஞ்சாலையைப் பொறுத்தவரை இது உண்மை. அங்கே மரங்கள் விலகியே இருக்க வேண்டும். ஆனால் அந்த விதியை ஊருக்குள் கொண்டுவருவது பிழை. ஊருக்குள் வேகம் கட்டுப்பட வேண்டும். வாகனத்துக்கும் நடப்பவருக்கும் இடையே நிற்கும் வேம்பும் புங்கையும் நிழலோடு தடுப்பையும் தருகின்றன. மரம் வளர ஆண்டுகள் பிடிக்கும் என்பார்கள். அதுவரை பந்தல் போடலாம். சென்னை, புதுச்சேரி போன்ற நகரங்களில் சிக்னலில் காத்திருக்கும் இருசக்கர வாகன ஓட்டிகளுக்காகப் பச்சை வலைப் பந்தல் போட்டார்கள். நல்ல காரியம். அதே சிக்னலில் கடப்பதற்காக நிற்கும் மூதாட்டியின் தலைக்கு மேலும் அந்த வலையை நீட்ட எவ்வளவு செலவாகும்?

பணம் இல்லை என்ற பதிலும் நிற்காது. போக்குவரத்து நிதியில் 60 சதவீதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்று 2014-லேயே கொள்கை வகுத்தது சென்னை மாநகராட்சி. கோவை எலும்பியல் மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022-இல் மட்டும் நாட்டில் 32,825 பேர் நடந்து செல்லும்போது விபத்தில் இறந்தார்கள். நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர். மழைக்கு முன் வடிகாலைத் தூர்வாருவதுபோல, பங்குனி முடிவதற்குள் ஒவ்வொரு நகராட்சியும் பேருந்து நிறுத்தக் கூரை, சிக்னல் பந்தல், நடைபாதைத் தெருவிளக்கு மூன்றையும் சரிபார்த்து, பட்டியலை மக்கள் முன் வைக்க வேண்டும். கோடை எப்போது வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே வரும் ஆபத்தில் போகும் உயிருக்கு விதியைக் காரணம் காட்ட நமக்கு உரிமையில்லை.

(தொடரும்)