பிழைத்த உயிரணு சொல்லும் உண்மை

“முதலில் மருந்து நன்றாகக் கேட்டதே, இப்போது ஏன் கேட்கவில்லை?” புற்றுநோய்ச் சிகிச்சையின்போது குடும்பத்தினர் பலர் எழுப்பும் கேள்வி இது. பத்தியத்தில் பிழை நேர்ந்ததோ, கவனிப்பில் குறை வைத்தோமோ எனத் தம்மையே நொந்துகொள்வோரும் உண்டு. விடையின் ஒரு பகுதி உயிரணுவின் மரபணுக்களில் இருக்கிறது.

ஒரு மருந்து உயிரணுவை எவ்வாறு கொல்கிறது என அறிய ஒரு வழி, அம்மருந்திலிருந்து தப்பிய உயிரணுவை ஆராய்வதாகும். அமெரிக்காவின் வைட்ஹெட், பிராட் ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்தோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வழியையே பின்பற்றினர். ஆய்வகத்தில் வளர்த்த இரத்தப் புற்றுநோய் உயிரணுக்களில், கிரிஸ்பர் என்னும் மரபணு வெட்டும் கருவியால், ஓர் உயிரணுவுக்கு ஒரு மரபணு என்ற முறையில் 7,114 மரபணுக்களைச் செயலிழக்கச் செய்தனர். பின்னர் எடோபோசைடு என்னும் மருந்தைச் சேர்த்தனர். நுரையீரல், விரைப் புற்றுநோய்களுக்கு நெடுங்காலமாக அளிக்கப்படும் மருந்து அது.

மருந்தைத் தாங்கிப் பெருகிய உயிரணுக்களில், டோப்போஐசோமெரேஸ் என்னும் நொதிக்குரிய மரபணு செயலிழந்திருந்தது. டி.என்.ஏ. இழையில் சிக்கு விழும்போது அதை வெட்டிச் சிக்கெடுத்து மீண்டும் ஒட்டுவது இந்நொதியின் பணி. எடோபோசைடு வெட்டியதை ஒட்டவிடாமல் தடுக்கிறது. வெட்டுகள் பெருகி உயிரணு மடிகிறது. நொதி இல்லாவிடில் வெட்டும் இல்லை, மருந்துக்கு வேலையும் இல்லை.

இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் 6-தயோகுவானினும் இத்தகையதே. அது டி.என்.ஏ.வில் போலி எழுத்தாகப் புகுகிறது. பிழைதிருத்தும் புரதங்கள் அதைத் திருத்த முயன்று தோற்க, உயிரணு மடிகிறது. அப்புரதங்களுக்குரிய நான்கு மரபணுக்களுள் ஒன்றை இழந்த உயிரணுக்கள் தப்பின.

இவ்விரு மருந்துகளின் செயல் முன்பே அறியப்பட்டதுதான். அதே விடையை இச்சோதனையும் தந்ததால், செயல்முறை விளங்காத புதிய சேர்மங்களையும் இவ்வாறு ஆராயலாம் என்ற நம்பிக்கை வலுப்பெற்றது.

இவை ஆய்வகக் கண்டுபிடிப்புகள். மனித உடலில் மருந்து பயனற்றுப்போக வேறு காரணங்களும் உண்டு. எனினும் ஒன்று தெளிவு: கோடிக்கணக்கான புற்றணுக்களுள் மாற்றமுற்ற சில தப்பிப் பெருகுவது, உங்கள் கவனிப்பின் குறையால் நேர்வதன்று. மருந்தைத் தாமாக நிறுத்தாதீர்கள். “இம்மருந்து எவ்வாறு செயல்படுகிறது? இது கேட்காவிடில் அடுத்து என்ன?” என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.