அப்பா இறக்கி வைத்த தையல் மெசின்

எங்கள் அப்பா சங்கக்கடை மனேஜராக இருந்தவர். வலிகாமத்தில் எங்கள் ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் சிலருக்குத் தெரியாது. "சங்கக்கடை ஐயா" என்றால் சின்னப்பிள்ளையும் வீட்டைக் காட்டும். அவர் எங்களை விட்டுப் பிரிந்து மூன்று வருடங்களாகின்றன. அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "நல்லதை மட்டும் எழுது அக்கா" என்றாள் தங்கச்சி. நல்லதைத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த நல்லதுக்கு எங்கள் அம்மா கொடுத்த விலையையும் எழுதாமல் விட முடியவில்லை.

பொருளாதாரத் தடைக்காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் விற்ற காலம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்ட சிக்கன விளக்கில் படித்தோம். சவுக்காரம் இல்லாமல் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம். அந்த நாளில் சங்கக்கடைக்கு ஏதாவது சாமான் வந்தால் விடியமுன்னமே வரிசை நிற்கும். காசு இல்லாமல் வரிசையின் கடைசியில் நிற்பவர்களை அப்பாவுக்குத் தெரியும். "பிறகு தா பிள்ளை" என்று அரிசியை நிறுத்துக் கொடுத்துவிடுவார். சங்கத்துக் காசு பிறகு வராது. மாதக் கடைசியில் கணக்கில் துண்டு விழுந்தால் தன் சம்பளத்தில் இருந்து போட்டு நிரப்புவார்.

எங்கள் வீட்டில் விழுந்த துண்டை நிரப்பியது அம்மாவின் தையல் மெசின். சட்டை, பள்ளிக்கூடச் சீருடை, தலையணை உறை என்று இரவிரவாகத் தைப்பா. "ஊருக்குப் படியளக்கிற மனுசன், வீட்டு அடுப்பையும் ஒருக்கால் எட்டிப் பார்க்கட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் தைப்பா.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தது. எனக்கு எட்டு வயது. அப்பாவின் சைக்கிள் பாரில் நான். பின் கரியரில் சாக்குச் சுற்றிக் கட்டிய மெசின் தலை. மெசினின் கால் வீட்டிலேயே நின்றுவிட்டது. தங்கச்சி அம்மாவின் இடுப்பில். மழை. செம்மணி வெளியில் சனம் நெருங்கி, ஓரடி வைக்க எவ்வளவோ நேரம் சென்றது. நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்டே ஒரு வயோதிப அம்மா நடக்க ஏலாமல் சேற்றில் இருந்துவிட்டா. அவவுடன் வந்தவர்கள் கூட்டத்தில் பிரிந்துபோயிருக்க வேண்டும். அப்பா சைக்கிளை நிற்பாட்டினார். கயிற்றை அவிழ்த்து மெசினை இறக்கித் தெருக்கரையில் வைத்தார். அந்த அம்மாவைத் தூக்கிக் கரியரில் இருத்தினார்.

அம்மா ஒரு சொல்லும் பேசவில்லை. மீசாலையில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இடம் கிடைத்துப் பல நாட்கள் ஆகியும் அப்பாவுடன் கதைக்கவில்லை. அந்த வயோதிப அம்மாவுக்குக் கஞ்சி பருக்கியதும், அவவின் ஈரச்சீலையைப் பிழிந்து காயப்போட்டதும் அம்மாதான். நாலாம் நாள் அவவின் மகன் தேடி வந்து கூட்டிப்போனார். மெசினை ஒருவரும் தேடித் தரவில்லை.

1996 சித்திரையில் ஊருக்குத் திரும்பினோம். அம்மா கையால் தைத்தா. அப்பா தவணைக்கு ஒரு பழைய மெசின் எடுத்துக் கொடுக்க இரண்டு வருடம் சென்றது.

அந்த 1996இல்தான் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டுக் காணாமற்போனார்கள். அவர்களின் மனைவிமார் நிவாரணத்துக்கு வந்தபோது, "குடும்பத் தலைவரைக் கூட்டிவா" என்று திருப்பி அனுப்பிய இடங்களும் உண்டு. அப்பா தன் கொப்பியில் அந்தப் பெண்களின் பெயரையே முதலாவதாக எழுதினார். "அடுப்பு எரிக்கிறது அவ. பேந்தென்ன தலைவர்?" என்று அவர் யாருக்கோ சொன்னது என் காதில் விழுந்தது. பின்னாளில் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இதே விடயத்தைப் பக்கம் பக்கமாக எழுதினேன். அப்பா சொன்ன அளவுக்குச் சுருக்கமாக எழுத வரவில்லை.

இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சகோதரிகளோடு இருந்து படிவம் நிரப்பும்போது அந்தக் கொப்பி நினைவுக்கு வரும். கணவன் இறந்துவிட்டார் என்று கையொப்பமிட மனம் வராமலே பலர் உதவிகளை விட்டுவிடுகிறார்கள். 2016இல் வந்த சட்டத்தின்படி, இறப்புச் சான்றிதழ் எடுக்காமல், அவர் காணாமற்போனவர் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம். நலக் கொடுப்பனவு, சொத்து, பிள்ளைகளின் பொறுப்பு போன்ற விடயங்களுக்கு அது உதவும். தேடுவதை நிறுத்திவிட்டீர்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. உங்கள் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

அப்பா கடைசி இரண்டு வருடமும் பாரிசவாதத்தில் படுக்கையில் கிடந்தார். திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டிவிட்டது எல்லாம் அம்மா. ஒருநாள் நான் அம்மாவிடம் கேட்டேன், "மெசினை இறக்கினதுக்கு இன்னும் கோபமோ?" அப்பாவுக்கும் கேட்கும் தூரந்தான்.

"இறக்கினது பிழையில்லை. என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா நானே இறக்கி வைச்சிருப்பன்" என்றா அம்மா.

அப்பாவுக்கு அப்போது பேச்சு வராது. அம்மாவின் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு கனநேரம் கிடந்தார்.

இந்தமுறை திவசத்துக்குப் பத்துப் பேருக்கு அரிசி அளந்தேன். அம்மா குசினி வாசலில் வந்து நின்றா.

"இன்னும் ரெண்டு சுண்டு கூடப் போடு. அந்த மனுசன் இருந்தா, ஆரையாவது கூட்டிக்கொண்டு வந்து நிண்டிருக்கும்."