ஒழுகும் ஓடு, உளுத்த உத்தரம்: பழைய மரவீட்டை இடிக்கும் முன்

போடிநாயக்கனூரின் பழைய தெருக்களில் தேக்குத் தூணும் மர உத்தரமும் உள்ள வீடுகள் இன்னும் இருக்கின்றன. உங்க வீடும் அப்படியென்றால், உத்தரத்தை ஆசாரி தட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீங்க. கணீரென்று கேட்டால் மரம் நல்லா இருக்கு. 'பொத்' என்று கேட்டால் உள்ளே கரையான் தின்றிருக்கலாம். உடனே வரும் யோசனை, "பேசாம இடிச்சிட்டு கான்கிரீட் போட்டுடலாமா?" என்பதுதான். கொஞ்சம் பொறுங்க.

நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான இக்கோமாஸ், 2017 டிசம்பரில் டெல்லியில் கூடியது. மரத்தால் ஆன பாரம்பரியக் கட்டடங்களுக்கான நெறிகளைப் பல நாட்டு வல்லுநர்கள் அங்கேதான் ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதன் சாரம்: முடிந்தவரை குறைவாகக் கை வையுங்கள். கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, முடிந்தால் அதே இன மரத்தைப் பொருத்துங்கள். புதுத்துண்டு எது என்று பின்னால் வருபவருக்குத் தெரியும்படி அடையாளமும் போடுங்கள். (முனை உளுத்த கைமரத்துக்கு ஒட்டுப் போடும் நம்ம ஊர் ஆசாரிக்கு இதில் பாதி புதுசே இல்லை.)

ஆனால் ஒட்டுப் போடுவதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்க. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மரத்தில் பூஞ்சை பிடிப்பதில்லை. அதனால் மழைக்கு முன்பு ஓட்டைப் பிரித்து, உடைந்ததை மாற்றி, தண்ணீர்த் தாரையைச் சுத்தம் செய்தாலே பாதி வேலை முடிந்தது. குரங்கணி, போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்ட வீடுகளில் மலைச்சாரலும் மூடுபனியும் அதிகம் என்பதால், அங்கே வருஷா வருஷம் இதைச் செய்யணும்.

அடுத்து, உத்தரம் சுவருக்குள் நுழையும் முனை. முதலில் உளுப்பது பெரும்பாலும் அங்கேதான், கண்ணுக்கும் தெரியாது. ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகக் குத்திப் பாருங்க. மெத்தென்று இறங்கினால் முனை போய்விட்டது. பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்துக்கே போகும். 'பளபளன்னு இருக்கட்டும்' என்று சுவரில் அடிக்கும் எனாமல் பெயின்ட்டும் அப்படித்தான். சுண்ணாம்புப் பூச்சே போதும்.

கரையான் மருந்தை மட்டும் நம்ப வேண்டாம். தரையிலிருந்து ஏறும் மண்கோட்டை உடைத்து, அது புறப்படும் இடத்தைக் கண்டுபிடிச்சு அடைக்கணும். ஈரம் அப்படியே இருந்தால் கரையான் திரும்பி வரும்.

மாற்று மரத்துக்கு, இடித்த வீட்டுப் பழைய தேக்கு கிடைத்தால் விடாதீங்க. நன்றாகக் காய்ந்த மரம் என்பதால் அதிகம் முறுக்காது. மலையிலிருந்து புது மரம் இறக்குவதானால், வனத்துறை அனுமதிச்சீட்டு வேண்டுமா என்று வனச்சரக அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோயில் தேரோ, மர வாகனமோ பழுதானால் உபயதாரர் தானாக ஆசாரியை வைக்கக் கூடாது. அறநிலையத்துறைக் கோயிலென்றால் செயல் அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வேண்டும். பாதுகாக்கப்படாத பழைய கட்டடத்தில் கல்வெட்டோ ஓவியமோ தென்பட்டால், சுரண்டாமல், வெள்ளையடிக்காமல் போட்டோ எடுத்து மாநிலத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கலாம். தலைமை அலுவலகம் சென்னை எழும்பூரில் இருக்கிறது.

மரத்தால் என்ன செய்ய முடியும் என்று பார்க்க ஆசையா? கன்னியாகுமரி மாவட்டத்தின் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒருமுறை போய் வாங்க. நம் மாநிலத்தில் இருந்தாலும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. திங்கட்கிழமை விடுமுறை.